இப்சனைப் பழிப்போர் கவனத்திற்கு

ஹென்ரிக் இப்சனின் 'பேய்கள்' நாடகத்தில், முதல் அங்கத்தில், ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. நார்வே நாட்டின் கடற்கழி ஒன்றின் கரையில் ஆல்விங் அம்மையார் என்ற கைம்பெண்ணின் இல்லம். பத்திரங்களும் கணக்குகளும் அடங்கிய பையோடு வந்து அமரும் மாண்டர்ஸ் என்ற போதகரின் கண்ணில், மேசைமேல் கிடக்கும் சில நூல்கள் படுகின்றன. முகம் சுளிக்கிறார். இவற்றையெல்லாம் நீங்கள் படிக்கலாமா என்று கடிந்துகொள்கிறார். அவற்றில் நீங்கள் கண்ட குறைதான் என்ன என்று அம்மையார் திருப்பிக் கேட்கிறார். அந்நூல்களைத் தாம் படித்ததில்லை என்றும், ஆனால் அவற்றைக் கண்டிக்கப் போதுமான அளவு அவற்றைப் பற்றிப் படித்திருப்பதாகவும் போதகர் கூசாமல் விடை கூறுகிறார்.

1881 டிசம்பரில் இந்நாடகம் கோபன்ஹேகனில் நூலாக வெளிவந்தபோது நடந்தவற்றைப் பார்த்தால், மாண்டர்ஸே மேடையிலிருந்து இறங்கித் தெருவில் நடந்தாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. பத்தாயிரம் படிகள் அச்சாயின. கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பியனுப்பினர். மறுபதிப்புக்கு 1894 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோபன்ஹேகன் அரச அரங்கும் கிறிஸ்தியானியா அரங்கும் கதவை அடைத்துக்கொண்டன. முதன்முதலில் அது மேடையேறியது கடலுக்கு அப்பால், 1882 மே மாதத்தில், சிகாகோ நகரில், நாடு விட்டுப் போய்க் குடியேறிய ஸ்காண்டினேவிய மக்களின் முன்னிலையில். 1891இல் லண்டனில், அரசுத் தணிக்கையைத் தவிர்ப்பதற்காக உறுப்பினர்களுக்கு மட்டுமென்று நடத்திக் காட்டியபோது, ஒரு பெரிய நாளிதழின் தலையங்கம் அதை மூடாத சாக்கடைக்கு ஒப்பிட்டது.

இவை பழங்கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் நம் கத்தோலிக்க வட்டாரங்களில் இன்றும் இப்சன் என்ற பெயரை எடுத்தால், "குடும்பத்தைக் குலைக்கக் கற்றுக்கொடுத்தவர்", "சமயத்தின் பகைவர்" என்ற இரண்டு முத்திரைகளில் ஒன்று உடனே விழுகிறது. முத்திரை குத்துவோர் கற்றவர்கள்; நல்லவர்கள். அவர்களிடம் எந்த நாடகத்தைப் படித்தீர்கள் என்று கேட்டால்தான் தடுமாற்றம். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறாள் என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதற்கு முந்திய இரண்டரை மணி நேரம் மேடையில் என்ன நடந்தது என்பதைக் கேள்விப்படவில்லை. இப்போக்கை நாம் கடுமையாக மறுக்கிறோம். மறுப்பதற்கு அம்மனிதரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறோம்.

அவரைப் புனிதராக்கும் நோக்கம் நமக்கில்லை. 1828 மார்ச் 20 அன்று ஷீன் என்ற மரவணிக ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளைப் பருவத்திலேயே தந்தை நொடித்துப்போனார். ஊருக்கு வெளியே பண்ணை வீடு ஒன்றில் ஒடுங்கி வாழ நேர்ந்தது. நேற்று வரை விருந்துக்கு வந்தவர்கள் இன்று திரும்பியும் பாராத நிலை எப்படியிருக்கும் என்பதை அவர் ஏட்டில் கற்கவில்லை. பதினைந்து வயதில் வீட்டை விட்டுச் சென்று கிரிம்ஸ்டாட் என்ற சிற்றூரில் மருந்துக்கடைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே தம்மைவிடப் பத்து வயது மூத்த பணிப்பெண் ஒருத்தியிடம் 1846இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பல ஆண்டுகள் பராமரிப்புத் தொகை செலுத்தினாரே தவிர, மகனைத் தன் மகனென்று அணைத்துக்கொள்ளவில்லை. இது அவர்மேல் நீங்காத கறை. பிறர் வீட்டுப் பொய்களைத் தோண்டியவருக்குத் தம் வீட்டுத் தரைக்கடியில் இருந்தது தெரியாமலில்லை. 'பேய்கள்' நாடகத்தில் எசமானனுக்குப் பணிப்பெண்ணிடம் பிறந்த மகள் அதே வீட்டில் உணவு பரிமாறுகிறாள். அதை எழுதிய கை எந்தக் கை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, பழிப்போரும் புகழ்வோரும் ஒருசேர மறந்துவிடும் பகுதிக்கு வருவோம். இப்சன் மெய்யியலாளர் அல்லர்; கட்சிக்காரரும் அல்லர். பதினோரு ஆண்டுகள் நாடகக் கொட்டகையில் உழைத்துத் தேய்ந்த தொழிலாளி அவர். 1814 வரை டென்மார்க்கின் ஆட்சியிலும், பின்னர் சுவீடனோடு பிணைந்தும் கிடந்த நார்வேயில் அக்காலத்து மேடை டேனிய நடிகரின் மேடையாகவே இருந்தது. நார்வேயின் பேச்சு நார்வேயின் மேடையில் ஒலிக்க வேண்டும் என்று உறுதிகொண்ட வயலின் மேதை ஓலே புல், தம் சொந்த ஊரான பெர்கனில் ஓர் அரங்கை நிறுவி, 1850 சனவரி 2 அன்று திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே, ஒரேயொரு நாடகத்தைப் புனைபெயரில் அச்சிட்டு விற்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயது இளைஞரை அங்கே பணிக்கு அமர்த்தினார். 1852இல் அரங்கின் செலவில் கோபன்ஹேகனுக்கும் டிரெஸ்டனுக்கும் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார் இளைஞர்.

பெர்கனில் அவர் செய்யாத வேலை இல்லை. நடிகர் எந்த வழியாக நுழைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், யார் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் படமாக வரைந்து வைத்துக்கொள்வார். உடை, திரை, மேடைப்பொருள் அனைத்தையும் கவனித்தார். கூச்ச சுபாவம் மிக்கவர். நடிகரைக் கண்டித்துத் திருத்த அவருக்கு வராது என்பதால் பாத்திர விளக்கம் வேறொருவர் பொறுப்பில் இருந்தது. ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 145 நாடகங்கள் அவர் கைவழியாக மேடையேறின. பெரும்பாலும் பிரெஞ்சு, டேனிய நாட்டுச் சரக்கு. மறைத்து வைத்த கடிதம், தவறிய சாவி, கடைசி நொடியில் வெளிப்படும் இரகசியம் என்று பாரிஸின் ஸ்க்ரீப் பாணியில் பின்னப்பட்ட பொழுதுபோக்குக் கதைகள். ஒவ்வோர் ஆண்டும் அரங்கின் நிறுவன நாளான சனவரி 2க்கு ஒரு சொந்த நாடகம் தர வேண்டும் என்பதும் அவர் கடமை. தந்தார். 1856இன் 'சூல்ஹாக் விருந்து' ஒன்றுதான் உண்மையான வெற்றி.

1857இல் கிறிஸ்தியானியாவின் நார்வீஜிய அரங்குக்குக் கலை இயக்குநராகப் போனார் (இன்றைய ஓஸ்லோ நகரம்தான் அது). பெர்கனில் அவர் இடத்துக்கு வந்தவர் பியோர்ன்சன் - 1903இல் நோபெல் பரிசு பெற்ற அதே பியோர்ன்சன். 1858இல் திருமணம். மனைவி சுசன்னா ஒரு சபைக்குருவின் மகள் என்பதைச் 'சமயப் பகைவர்' என்போர் குறித்துக்கொள்ளட்டும். புதிய பதவி அவருக்கு நரகமாயிற்று. பார்வையாளரைப் பிடிக்க இலேசான நாடகங்களைப் போட்டால் இதழ்கள் ஏசின. கனமானவற்றைப் போட்டால் கொட்டகை காலி. கடன், குடி, மனச்சோர்வு. 1862இல் அரங்கு திவாலானது. சந்தைக்கும் மனசாட்சிக்கும் நடுவே நசுங்கிய அந்த ஐந்தாண்டுகளை இப்சனின் வரலாற்றை எழுதுவோர் சிலர் ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். நமக்கோ அவரைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் அங்கேதான் கிடக்கிறது. ஒரு மனிதன் சொல்வது ஒன்று, அவன் நிற்கும் இடம் சொல்வது வேறொன்று. இதை ஆயிரம் ஒத்திகைகளில் கண்ணால் பார்த்தவர் அவர். மாண்டர்ஸ் வாயால் பேசுவது இறைப்பராமரிப்பை. அவர் கண் இருப்பதோ நாளிதழ்மேல்.

1864இல் நாட்டை விட்டுப் புறப்பட்டு உரோமை சென்றார். இருபத்தேழு ஆண்டுகள் இத்தாலியிலும் ஜெர்மனியிலுமாக வாழ்ந்தார். உரோமையின் அருகே எழுதி 1866இல் வெளியிட்ட 'பிராண்ட்' அவருக்குப் புகழையும் அரசின் ஆண்டு உதவித்தொகையையும் பெற்றுத் தந்தது. அதன் நாயகன் ஒரு குரு. எல்லாம் தா, அல்லது ஒன்றும் வேண்டாம் என்று கடவுளின் பெயரால் கேட்பவன். செல்வம் முழுவதையும் துறக்காத தாய்க்குச் சாவுப் படுக்கையில் அருளடையாளத்தை மறுக்கிறான். வெயில் படாத அப்பங்கில் இருந்தால் குழந்தை பிழைக்காது என்று மருத்துவர் எச்சரித்தும் பணியை விட்டு நகர மறுக்கிறான். குழந்தை போகிறது, பிறகு மனைவியும் போகிறாள். இறுதியில் பனிச்சரிவு அவனை மூடும் வேளையில் எங்கிருந்தோ எழும் ஒரு குரல் கடவுளை அன்பின் கடவுளாக அறிவிக்கிறது. இது சமயப் பகைவரின் எழுத்தா? இரக்கமற்ற புனிதம் புனிதமாகுமா என்று கேட்பதை, ஓய்வுநாளில் கதிர் கொய்த சீடரைக் காத்து நின்ற ஆண்டவரிடமிருந்தல்லவா நாம் கற்றோம்?

அடுத்து, கதவு. 1879 டிசம்பர் 4 அன்று 'பொம்மை வீடு' நூலாக வந்தது. எண்ணாயிரம் படிகள் விரைவில் தீர்ந்தன. டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகனில் அரங்கேறியது. நோரா, கணவன் ஹெல்மரின் உயிரைக் காக்க அவனறியாமல் கடன் வாங்கியவள். அதற்காகச் சாகக்கிடந்த தன் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டவள். சட்டப்படி குற்றம்தான், இப்சன் அதை மறைக்கவில்லை. இரகசியம் வெளிப்படும்போது கணவன் என்ன செய்கிறான்? என் பெயர் போயிற்றே என்று அலறுகிறான். பிள்ளைகளைத் தொடாதே என்கிறான். ஆனாலும் ஊருக்காக இந்த வீட்டிலேயே இரு என்கிறான். சற்று நேரத்தில் பத்திரம் திரும்பி வந்துவிடுகிறது. தான் காப்பாற்றப்பட்டுவிட்டதாகக் கூவுகிறான்; உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறான். இப்போது நோரா எழுகிறாள்.

அவள் பிள்ளைகளை விட்டுப் போனது சரி என்று நாம் கூறவில்லை. மூன்று குழந்தைகளைத் தூங்க விட்டுப் போகும் தாயைக் கண்டு நெஞ்சு பதறாதவர் அந்நாடகத்தையே பார்க்கவில்லை எனலாம். ஆனால் அதற்கு மாற்றாக நம்மவர் விரும்பும் முடிவு எது? அதுவும் எழுதப்பட்டிருக்கிறது; இப்சனே எழுதினார். 1880இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த புகழ்பெற்ற நடிகை நீமான்-ராபே, பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நான் நடிக்கமாட்டேன் என்றார். நூலாசிரியரின் உரிமையைக் காக்கும் ஒப்பந்தம் அந்நாடுகளுக்கிடையே அப்போது இல்லை. யாரோ ஒருவர் கைவைப்பதைவிடத் தாமே கைவைப்பது மேல் என்று, பிள்ளைகளின் அறை வாயிலில் நோரா தளர்ந்து விழுவதாக ஒரு முடிவை எழுதிக் கொடுத்துவிட்டு, இது காட்டுமிராண்டித்தனமான வன்செயல் என்று தாமே அறிவித்தார். அந்த முடிவு நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதைக் குருமடத்தில் ஒப்புரவு அருளடையாளத்தைப் பயின்ற எவரும் எளிதில் விளக்கிவிடலாம். மனத்துயர் வேண்டும், குற்ற அறிக்கை வேண்டும், திருந்தும் உறுதி வேண்டும். மாற்றிய முடிவில் ஹெல்மரிடம் இவற்றில் எது இருக்கிறது? தூங்கும் குழந்தைகளைக் காட்டி மனைவியைத் தரையில் விழச் செய்கிறான். அவன் இருந்தபடியே இருக்கிறான். மனமாற்றம் இல்லாமல் திரை விழுவதை ஒப்புரவு என்று கொண்டாட இறையியல் இடம் தராது. மூல நாடகத்திலோ, அவள் போன பிறகு ஹெல்மர் தனியே அமர்ந்து, தாங்கள் இருவரும் மாறினால் ஒருவேளை நிகழக்கூடிய அந்த அற்புதத்தை எண்ணிப் பார்க்கிறான். உண்மையான திருமணத்துக்கான ஏக்கம் அந்நாடகம் முழுவதிலும் அந்த ஒரு நொடியில்தான் அவனுக்குள் எழுகிறது.

மறுபக்கத்தில் நிற்போருக்கும் ஒரு சொல். இப்சனைக் கொடியாகப் பிடித்து ஊர்வலம் போவோரை அவர் உயிரோடிருந்தபோதே மறுத்துவிட்டார். 1898 மே மாதத்தில் நார்வேப் பெண்ணுரிமைச் சங்கம் அவருக்கு விருந்தளித்தது. எழுந்து நின்ற எழுபது வயதுக் கிழவர், பெண்ணுரிமை இயக்கத்துக்காகத் தாம் அறிந்து உழைத்ததில்லை என்றும், தமக்கு அது மனிதர் அனைவரையும் பற்றிய வினா என்றும் கூறி, வாழ்த்தினவர்களையே திகைக்கவைத்தார். அவர் பெண்களுக்கு இழைத்த தீங்கும் உண்டு. லாவ்ரா கீலர் என்ற எழுத்தாளர், நோயுற்ற கணவனைக் காக்க இரகசியமாகக் கடன்பட்டவர். பின்னர் மனநோய் இல்லத்தில் அடைக்கப்பட்டவர். அவருடைய வாழ்வை எடுத்துத்தான் நோராவை வார்த்தார் இப்சன். ஊரார் அடையாளம் கண்டு அப்பெண்ணைத் தூற்றியபோது, அவர்மேல் பழியில்லை என்று உலகறியச் சொல்லும்படி கேட்டும் இப்சன் சொல்லவில்லை. கொடி பிடிப்போர் இதையும் ஊர்வலத்தில் எடுத்துச் செல்வார்களா?

மீண்டும் 'பேய்கள்' நாடகத்துக்கே வருவோம். நம்மைச் சுடுவது அதுதான். அந்தப் போதகர் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், நமக்கென்ன என்று நழுவப் பார்ப்பவர் உண்டு. மாண்டர்ஸின் குற்றத்துக்குச் சபை வேறுபாடு கிடையாது. திருமணமான முதலாண்டிலேயே, கணவனின் ஒழுக்கக்கேட்டைத் தாங்க முடியாமல் ஆல்விங் அம்மையார் இந்த மாண்டர்ஸின் வீட்டு வாயிலுக்கு ஓடி வந்தார். அவர் என்ன செய்தார்? கடமையை நினைவூட்டினார், சிலுவையைச் சுமக்கச் சொன்னார், திருப்பியனுப்பினார். தம் வாழ்நாளின் பெரும் வெற்றியாக அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதன்பின் அந்த வீட்டில் பத்தொன்பது ஆண்டுகள் என்ன நடந்தது என்று ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் திரும்புதலின் கனிதான் ஓஸ்வால்ட். தந்தையின் நோயை மூளையில் சுமந்து பிறந்த ஒரே மகன்.

பங்கு இல்லத்தின் வாயிலில் இத்தகைய பெண்கள் வந்து நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் நாம் இதைப் படித்துவிட்டு அமைதியாக இருக்க இயலவில்லை. "பொறுத்துக்கொள்ளம்மா, செபம் செய், எல்லாம் சரியாகிவிடும்" - இச்சொற்கள் நம் குருக்கள் நாவில் எவ்வளவு எளிதாக வருகின்றன! இதுதான் திருச்சபையின் போதனை என்று வாதிடுவோருக்கு, 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டத்தை எடுத்துப் பார்க்கும்படி கூறுகிறோம். துணைவர் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உள்ளத்தளவிலோ உடலளவிலோ கடும் ஆபத்தை விளைவித்தால், பிரிந்து செல்ல அது நியாயமான காரணம்; தல ஆயரின் ஆணையைப் பெற்றுப் பிரியலாம்; தாமதித்தால் ஆபத்து என்ற நிலையில் தாமாகவே பிரியலாம் என்கிறது அச்சட்டம். திருமணப் பிணைப்பு நிலைத்திருக்கும். காரணம் நீங்கினால் பொதுவாக மீண்டும் கூடி வாழ வேண்டும். திருமணத்தின் பிரிக்கவியலாமையைக் காக்கும் அதே திருச்சபைதான் இதையும் எழுதி வைத்திருக்கிறது. ஆக, மாண்டர்ஸ் அந்தப் பெண்ணைத் திருப்பியனுப்பியது போதனைக்காக அன்று. அவள் தம் வீட்டில் ஓர் இரவு தங்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தை நாடகம் போகப் போக நமக்குக் காட்டிவிடுகிறது.

அந்த அச்சத்தின் உச்சம் காப்புறுதிப் பேச்சு. இறந்த கணவனின் நினைவாக அம்மையார் கட்டிய அநாதை இல்லம் மறுநாள் திறக்கப்படவிருக்கிறது. நெருப்புக்கு எதிராகக் காப்புறுதி செய்யலாமா என்று மாண்டர்ஸ் வினவுகிறார். வேண்டாம் என்றும் அவரே முடிவு கூறுகிறார். செய்தால், நமக்கு இறைப்பராமரிப்பில் நம்பிக்கையில்லை என்று செல்வாக்குள்ளோர் பேசுவார்களாம். அன்றிரவே இல்லம் எரிகிறது. பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி அவர் வாயில் ஒரு சொல் இல்லை. இதழ்கள் என்ன எழுதும் என்பதே கவலை. எங்ஸ்ட்ராண்ட் என்ற சூதுக்காரத் தச்சன் அதே தருணத்தில், பழியை நான் ஏற்கிறேன் என்கிறான். மாண்டர்ஸ் நெகிழ்ந்து அவன் கையைப் பற்றிக்கொள்கிறார். மாலுமிகளுக்கான விடுதி என்ற பெயரில் அவன் தொடங்கவிருக்கும் தீயொழுக்க நிலையத்துக்கு அறநிதி போகவிருக்கிறது. மாண்டர்ஸ் கொடியவர் அல்லர். எளிதில் கண்கலங்குபவர், பணத்தில் கை சுத்தமானவர். அத்தகையவரைக் கொண்டு இப்சன் இதைச் செய்திருப்பதால்தான் நமக்கு வலிக்கிறது.

இதைப் படிக்க வேண்டாம் என்று தடுப்பவர் யார் பெயரால் தடுக்கிறார்கள்? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற கொள்கைத் திரட்டு, மனிதரின் துயரையும் தேவையையும் ஆற்றலையும் அறிய முயலும் இலக்கியமும் கலையும் திருச்சபையின் வாழ்வுக்கும் மிக முக்கியமானவை என்கிறது. இளமையில் நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் இருந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1999இல் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், தீமையின் இருண்ட ஆழங்களை ஆராயும் கலைஞரும் மீட்புக்கான ஏக்கத்துக்கே குரல் தருகிறார் என்றார். குருக்களின் உருவாக்கத்தில் இலக்கியம் ஏன் தேவை என்று விளக்குவதற்காகவே 2024இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு மடல் எழுதினார். அதற்குப் பிறகும் நம் பங்கு நூலகங்களில் இப்சனுக்கு இடமில்லை என்றால், பூட்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

படிக்கத் தொடங்குவோர் கவனிக்கும்படி ஒன்றைக் கூறுகிறோம். பெர்கன் அரங்கின் குறிப்பேட்டில் நடிகரின் நுழைவையும் வெளியேற்றத்தையும் வரைந்த அதே மனிதர், மூன்றாம் அங்கத்தின் பாதியிலேயே மாண்டர்ஸைத் தச்சனோடு சேர்த்து நீராவிக் கப்பலுக்கு அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் ஓஸ்வால்ட் தன் நோயின் பெயரற்ற அச்சத்தைத் தாயிடம் கொட்டுகிறான். நஞ்சுப் பொட்டலத்தை அவள் கையில் காட்டி வாக்குக் கேட்கிறான். விடியும் வேளையில் அறிவு மங்கிச் சூரியனைக் கேட்டுப் புலம்புகிறான். கொடுப்பதா, கூடாதா என்று தாய் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். கேட்க ஆளில்லை. குருவானவர் கப்பலேறிப் போய் வெகுநேரமாகிவிட்டது.